மூன்று வாள், மேலே ஒரு கிரீடம்: இந்தக் கேடயம் எந்தச் சபையுடையது?

கேள்வி: கிங்ஸ்பரிவாசி

வணக்கம். வடமேற்கு லண்டன் கிங்ஸ்பரியில் பழைய பாடசாலைக் கட்டடம் ஒன்றின் செங்கல் முகப்பில் வார்ப்பிரும்புக் கேடயம் ஒன்று பதித்திருக்கிறது. உயரம் சுமார் 45 செ.மீ. சிவப்புத் தளத்தில் வளைந்த வாள்கள் மூன்று, ஒன்றின் கீழ் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. பிடிகள் பார்ப்பவருக்கு இடது பக்கம், முனைகள் வலது பக்கம். மேல் வாளுக்கு மேலே உருண்டைகள் வைத்த சிறிய கிரீடம். அடியில் எம்.சி.சி. என்ற மூன்று எழுத்துகள். ஆண்டு எதுவும் இல்லை.

பகுதி வரலாறு பற்றி ஒரு விளக்கப் பலகை வைக்க எங்கள் தமிழ்ப் பாடசாலை விரும்புகிறது. அதனால் சில கேள்விகள். இது பழைய கிங்ஸ்பரி சபையின் சின்னமா, வெம்பிளியினதா, அல்லது எசெக்ஸ் கவுண்டியினதா? இணையத்தில் தேடினால் எசெக்ஸ்தான் முதலில் வருகிறது. பூச்சு உரிந்திருப்பதால், கட்டடப் பொறுப்பாளர்கள் சரியான நிறங்களையும் கேட்கிறார்கள். இந்தச் சின்னத்தைப் பலகையிலும் எங்கள் கடிதத்தாளிலும் போடலாமா?

பதில்: வடகரை

மூன்று வாள், சிவப்புத் தளம், முனை வலது பக்கம் என்றால் எசெக்ஸ்தான். கிங்ஸ்பரி முன்பு இருந்த பழைய மிடில்செக்ஸ் கவுண்டியின் வாள்கள் மறுபக்கம் பார்க்கும் என்று நினைக்கிறேன். லண்டன் பகுதியில் எசெக்ஸ் பொருள்கள் நிறையவே இருக்கின்றன. கிழக்கே இல்ஃபர்ட், வால்தம்ஸ்டோ எல்லாம் 1965 வரை எசெக்ஸ்தானே.

பதில்: செங்கேடயம்

வடகரை ஐயா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கவுண்டிகளின் வாள்களும் ஒரே பக்கம்தான் பார்க்கின்றன. கேடயத்தின் இடது, வலது என்பது அதை ஏந்தி நிற்கும் வீரனின் இடது, வலது. எழுத்தில் 'முனைகள் இடப்பக்கம்' என்று இருந்தால், எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது வலப்பக்கம். இது மிடில்செக்ஸுக்கும் எசெக்ஸுக்கும் பொது, ஆகவே முனையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிப்பது கிரீடம். மிடில்செக்ஸ் கவுண்டி சபைக்கு 1910 நவம்பர் 7 அன்று சின்னம் வழங்கப்பட்டது. தமிழில் சொன்னால்: சிவப்புத் தளம், கிடையாக மூன்று சியாக்ஸ் வாள்கள், முனைகள் கேடயத்தின் இடப்பக்கம், அலகுகள் இயல்பு நிறத்தில், பிடியும் குமிழும் பொன்னிறம், மேற்பகுதியின் நடுவே பொன்னிற சாக்சன் கிரீடம் ஒன்று. எசெக்ஸ் சபை தன் சின்னத்தை முறைப்படி பெற்றது 1932இல். அதில் அதே மூன்று வாள்கள் உண்டு, அலகு வெள்ளி நிறம், கிரீடம் கிடையாது.

ஏன் இந்த ஏற்பாடு? இரண்டு நிலப்பகுதிகளும் பழைய கிழக்குச் சாக்சன் அரசின் கீழ் இருந்தவை. மிடில்செக்ஸ் என்ற பெயரே 704ஆம் ஆண்டின், ட்விக்கனம் நிலம் பற்றிய சாசனத்தில்தான் முதலில் கிடைக்கிறது. கிழக்குச் சாக்சன் அரசர்களின் சின்னம் என்று 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து எழுத்தாளர்கள் மூன்று வாள்களைச் சொன்னார்கள். கேடயச் சின்ன முறையே 12ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது என்பதால், சாக்சன் அரசர் எவரும் அதை ஏந்தியிருக்க வழியில்லை. பின்னாள் அறிஞர்கள் முன்னோருக்குச் சூட்டிய சின்னம் அது. ஆனாலும் அது நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் இரண்டு கவுண்டிகளும் ஒரே கேடயத்தை, எந்த முறையான வழங்கலும் இல்லாமல், புழங்கிவந்தன. மிடில்செக்ஸ் சபை முறைப்படி விண்ணப்பித்தபோது, எசெக்ஸிலிருந்து வேறுபடுத்த ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதெல்ஸ்டன் அரசரின் வெள்ளிப் பென்னி நாணயத்தில் உள்ள கிரீடத்தை எடுத்து மேலே வைத்தார்கள். நல்ல தேர்வு என்பேன். புதிதாக ஒரு உருவத்தை இட்டுக்கட்டாமல், உண்மையான 10ஆம் நூற்றாண்டுப் பொருளிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

கிரீடம் பார்க்கும்போது எந்த வகை என்பதையும் கவனிக்க வேண்டும். மெல்லிய பட்டை, அதன்மேல் குத்தாக நிற்கும் கம்பிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு உருண்டை: இது சாக்சன் கிரீடம். கோட்டை மதில்போலப் பல் பல்லாக, செங்கல் கோடுகளுடன் இருந்தால் அது மதிற்கிரீடம். லண்டன் கவுண்டி சபை 1914இல் பெற்ற சின்னத்தில், கேடயத்துக்கு மேலே இருப்பது அந்த வகை. உருண்டையே இல்லாமல் கூர்முனைகள் மட்டும் இருந்தால் அது கிழக்கத்தியக் கிரீடம். பூச்சு பல அடுக்கு ஏறியிருக்கும்போது உருண்டைகள் மழுங்கிக் கூர்முனைபோலத் தெரியும். சாய்வாக வெளிச்சம் விழும் காலையிலோ மாலையிலோ படம் எடுங்கள், நடுப்பகலில் எடுத்தால் வடிவம் தட்டையாகிவிடும்.

இதிலிருந்து காலமும் கிடைக்கிறது. கிரீடம் உள்ள கேடயம் 1910 நவம்பருக்கு முந்தையதாக இருக்காது. கிரீடம் இல்லாவிட்டால் மட்டும் எசெக்ஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, 1910க்கு முந்தைய மிடில்செக்ஸ் வேலையாகவும் இருக்கலாம். தேம்ஸ் மேலுள்ள கியூ பாலத்தை மிடில்செக்ஸும் அக்கரைக் கவுண்டியான சர்ரேயும் சேர்ந்து கட்டி 1903இல் திறந்தார்கள். அந்தக் காலத்து மிடில்செக்ஸ் வேலை எதிலும் கிரீடத்தைத் தேடுவது வீண்.

எம்.சி.சி. என்பது இங்கே மிடில்செக்ஸ் கவுண்டி சபை. லார்ட்ஸ் மைதானத்தின் மேரில்போன் கிரிக்கெட் கழகத்துக்கும் அதே எழுத்துகள் என்பதாலும், மிடில்செக்ஸ் கிரிக்கெட் அணியின் முத்திரையிலும் மூன்று வாள்கள் இருப்பதாலும், ஏலத் தளங்களில் இவை அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

வாளின் உருவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், விளக்கப் பலகையில் படம் போடுவதானால் உதவும். சின்னத்தில் வரும் சியாக்ஸ் வளைந்திருக்கும், அலகின் முதுகுப்பக்கம் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். அகழ்வில் கிடைத்த உண்மையான சியாக்ஸ் அப்படி இல்லை. தேம்ஸ் ஆற்றில் பாட்டர்சீ அருகே 1857இல் எடுத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 10ஆம் நூற்றாண்டுச் சியாக்ஸ் நேரான அலகு கொண்டது, ஒரு பக்கம் மட்டும் கூர். அலகில் ரூன் என்ற பழைய எழுத்துமுறையின் 28 எழுத்துகளும் பதித்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு நல்ல பாடம்.

பதில்: எல்லைக்கல்

சின்னத்தைச் செங்கேடயம் முடித்துவிட்டார். 'கிங்ஸ்பரி சபையா, வெம்பிளியா' என்ற கேள்விக்கு நிர்வாக வரலாறு வேண்டும்.

1888 உள்ளாட்சிச் சட்டத்தால் 1889இல் கவுண்டி சபைகள் வந்தன. அதே சட்டம் மிடில்செக்ஸில் மக்கள் மிக நெருக்கமாக வாழ்ந்த தென்கிழக்குப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிய லண்டன் கவுண்டியில் சேர்த்தது. வெஸ்ட்மின்ஸ்டரும் அதில் போய்விட்டது. ஆனாலும் மிடில்செக்ஸ் சபை தன் தலைமையிடத்தை வெஸ்ட்மின்ஸ்டரிலேயே, பாராளுமன்றச் சதுக்கத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டது. 1913இல் அங்கே திறந்த மிடில்செக்ஸ் கில்டுஹால் கட்டடத்தில்தான் 2009 முதல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இயங்குகிறது. ஒரு கவுண்டியின் தலைமையிடம் கடைசிவரை அந்தக் கவுண்டிக்கு வெளியே இருந்தது.

1894 சட்டம் கவுண்டிக்குக் கீழே இரண்டாம் அடுக்கைத் தந்தது: அர்பன் டிஸ்ட்ரிக்ட் (நகர்ப்புற மாவட்டம்), ரூரல் டிஸ்ட்ரிக்ட் (ஊரக மாவட்டம்). பெரிதாக வளர்ந்த அர்பன் டிஸ்ட்ரிக்ட், அரச சாசனம் பெற்று முனிசிபல் பரோ, அதாவது நகராட்சி, ஆகலாம். கிங்ஸ்பரி 1894இல் வெம்பிளி அர்பன் டிஸ்ட்ரிக்டுக்குள் இருந்தது. 1900இல் பிரிந்து தனி அர்பன் டிஸ்ட்ரிக்ட் ஆனது. 1934இல் மறுபடி வெம்பிளியோடு இணைந்தது. 1937இல் வெம்பிளி பரோ ஆனது. 1965 ஏப்ரல் 1 அன்று வெம்பிளியும் வில்ஸ்டனும் சேர்ந்து இன்றைய பிரென்ட் லண்டன் பரோ ஆயின.

ஆகவே பெயரே காலத்தைச் சொல்லும். கிங்ஸ்பரி அர்பன் டிஸ்ட்ரிக்ட் என்று வார்த்த சாக்கடை மூடியோ எல்லைக்கம்பமோ கிடைத்தால் அது 1900க்கும் 1934க்கும் இடையில். வெம்பிளி அர்பன் டிஸ்ட்ரிக்ட் என்றால் 1937க்கு முன். வெம்பிளி பரோ என்றால் 1937 முதல் 1965 வரை. பக்கத்து ஹாரோவிலும் இதே கணக்குதான்: ஹாரோ-ஆன்-தி-ஹில், வீல்ட்ஸ்டோன் என்ற பெயர்கள் 1934க்கு முந்தியவை, வெறும் ஹாரோ அர்பன் டிஸ்ட்ரிக்ட் 1934 முதல் 1954 வரை, ஹாரோ பரோ அதற்குப் பின். ஹாரோ மட்டும் 1965இல் எல்லை மாறாமல் அப்படியே லண்டன் பரோ ஆனதால், அங்கே பரோ என்ற சொல்லை மட்டும் வைத்து 1965க்கு முன்னா பின்னா என்று சொல்ல முடியாது, எழுத்துருவையும் கட்டடத்தையும் பார்க்க வேண்டும்.

நீங்கள் காட்டும் கேடயம் இவை எதனுடையதும் அல்ல. அது மேலடுக்கு, அதாவது கவுண்டியினுடையது. பாடசாலையில் கவுண்டிச் சின்னம் ஏன் என்றால், 1902 கல்விச் சட்டம். அந்தச் சட்டப்படி உயர்நிலைக் கல்வி கவுண்டி சபையின் கையில் போனது. தொடக்கக் கல்வியை, 1901 கணக்கெடுப்பில் 10,000 பேரைத் தாண்டிய பரோக்களும் 20,000 பேரைத் தாண்டிய அர்பன் டிஸ்ட்ரிக்ட்களும் தாமே நடத்தலாம். வில்ஸ்டன் அப்போதே ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்ததால் தன் தொடக்கப் பள்ளிகளைத் தானே நடத்தியது. கிங்ஸ்பரி அன்று கிராமம், எல்லாமே கவுண்டி. எனவே வில்ஸ்டனில் 1944க்கு முந்தைய தொடக்கப் பள்ளி ஒன்றில் கவுண்டிக் கேடயத்தைக் கண்டால் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும், பின்னர் வைத்ததாக இருக்கலாம். கிங்ஸ்பரியில் அது இயல்பு. 1944 சட்டத்துக்குப் பிறகு இந்தப் பிரிவு ஒழிந்து, கவுண்டியே கல்வி அதிகாரம் ஆனது.

மழைநீர்க் குழாய்களின் தலைப்பெட்டியைப் பாருங்கள். மேலே, கூரை விளிம்புக்குச் சற்றுக் கீழே, வார்ப்பிரும்பிலோ ஈயத்திலோ பெட்டிபோல இருக்கும். அந்தக் காலத்துப் பொதுக் கட்டடங்களில் கட்டிய ஆண்டை அதில்தான் வார்ப்பார்கள்.

பதில்: கிங்ஸ்பரிவாசி

மிக்க நன்றி. தலைப்பெட்டி இரண்டிலும் 1932 என்று இருக்கிறது. கட்டடம் நீளமான சன்னல் வரிசைகள், தட்டைக் கூரை, நடுவில் படிக்கட்டுக் கோபுரம். கேடயத்தின் கீழ்ப்பாதியில் பூச்சு உரிந்த இடத்தில் தளத்தில் செங்குத்தான மெல்லிய கோடுகள் தெரிகின்றன. துரு அரித்த கோடுகளா?

வாட்ஃபர்ட் பக்கம் சாலையோரம் இருக்கும் வெள்ளை இரும்புக் கம்பத்திலும் ஒரு கேடயம் இருக்கிறது. அதில் சிலுவையும் சிறிய வாளும். அதுவும் பழைய கவுண்டி எல்லையா?

பதில்: செங்கேடயம்

துரு அல்ல. அது நிறக் குறியீடு. வண்ணம் இல்லாத வேலைகளில் நிறத்தைக் கோடுகளால் காட்டும் முறை 17ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது: செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், ஒன்றும் இல்லாத வெறுந்தளம் வெள்ளி. பச்சைக்குச் சாய்வுக் கோடு, பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு. உங்கள் கேடயத்தில் கிரீடத்திலும் பிடியிலும் நுண்ணிய புள்ளிகள் இருக்கும், தேடிப் பாருங்கள். சுத்தம் செய்பவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். தடிப்பான பூச்சை அடித்தால் அந்தக் கோடுகள் நிரந்தரமாக மூடிப்போகும், தேய்த்தால் அழிந்தே போகும்.

வாட்ஃபர்ட் கம்பம் கவுண்டி எல்லை இல்லை. முதல் கால்பகுதியில், அதாவது பார்ப்பவரின் இடது மேல் மூலையில், நிமிர்ந்த வாளும் சிலுவையும் கொண்டது லண்டன் மாநகரின், அதாவது சிட்டியின் சின்னம். அவை நிலக்கரி வரிக் கம்பங்கள். லண்டனுக்குள் வரும் நிலக்கரிக்குச் சிட்டி வரி வசூலித்த எல்லையை அவை காட்டின. கம்பத்தில் விக்டோரியா ஆட்சியின் 24, 25ஆம் ஆண்டு, 42ஆம் சட்டம் என்ற குறிப்பு இருக்கும். அது 1861ஆம் ஆண்டுச் சட்டம். சுமார் 200 கம்பங்கள் இன்னும் நிற்கின்றன, கவுண்டி எல்லைக்கற்கள் என்று பலரும் தவறாகப் படம் போடுவது இவற்றைத்தான்.

பதில்: எல்லைக்கல்

1932 என்றால் எல்லாம் பொருந்துகிறது. ஸ்டான்மோர் கிளை ரயில் பாதை 1932 டிசம்பர் 10 அன்று திறந்தது, கிங்ஸ்பரி நிலையமும் அன்றே. அதற்கு முன்பே 1924, 1925இல் வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்காகச் சாலைகள் அகலமாகிவிட்டன. வயல் வீடாகிறது, பிள்ளைகள் வருகிறார்கள், பாடசாலை வேண்டும். கவுண்டியின் கட்டடக் கலைஞராக 1930 முதல் டபிள்யூ. டி. கர்ட்டிஸ் இருந்தார். கிடைக்கோட்டு முகப்பும் படிக்கட்டுக் கோபுரமும் செங்கல்லும் அவர் அலுவலகத்துப் பாடசாலைகளின் அடையாளம். நெதர்லாந்தில் ஹில்வர்சமில் டூடோக் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய கட்டடங்களின் செல்வாக்கு அதில் தெளிவு. உங்கள் கட்டடம் அவர்களுடையது என்று பலகையில் எழுதும் முன் ஆவணத்தைப் பார்த்துவிடுங்கள், பாணி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது.

பலகைக்கான வரி இப்படி இருக்கலாம்: 'மிடில்செக்ஸ் கவுண்டி சபை கட்டியது, அப்போது இந்த இடம் கிங்ஸ்பரி அர்பன் டிஸ்ட்ரிக்ட்.' இரண்டு அடுக்கையும் சொல்லாவிட்டால், கிங்ஸ்பரி சபைதான் கட்டியது என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

கவுண்டி எப்படி முடிந்தது என்பதையும் இரண்டு வரியில் சேர்க்கலாம். 1934க்குப் பிறகு மிடில்செக்ஸில் ரூரல் டிஸ்ட்ரிக்ட் ஒன்றுகூட இல்லை, அவ்வளவு வீடு கட்டியாகிவிட்டது. கடைசியில் 18 முனிசிபல் பரோக்களும் 8 அர்பன் டிஸ்ட்ரிக்ட்களும் இருந்தன, 1961இல் மக்கள்தொகை 22 லட்சத்துக்கு மேல். ஈலிங், வில்ஸ்டன் போன்றவை கவுண்டியிலிருந்து விடுபட்டுத் தனி அதிகாரம் கொண்ட கவுண்டி பரோ ஆக முயன்றன. பணக்காரப் பரோக்கள் போனால் மிச்சக் கவுண்டிக்கு வரி வருமானம் இராது என்பதால் அது நடக்கவே இல்லை. 1960இல் லண்டன் உள்ளாட்சி பற்றிய ஹெர்பர்ட் ஆணைய அறிக்கை, 1963இல் லண்டன் ஆட்சிச் சட்டம், 1965 ஏப்ரல் 1 அன்று சபை கலைந்தது. பெரும்பகுதி ஒன்பது லண்டன் பரோக்களுக்குப் போனது. பாட்டர்ஸ் பார் ஹெர்ட்ஃபர்ட்ஷயருக்கு, ஸ்டேன்ஸும் சன்பரியும் சர்ரேக்கு. அஞ்சல் முகவரியில் மட்டும் மிடில்செக்ஸ் 1996 வரை தொடர்ந்தது. அதனால்தான் ஹாரோ, வெம்பிளித் தமிழர் முகவரிகளிலும் அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதில்: இரும்புவேலை

நிறத்துக்கு வருவோம். முதலில் இரண்டு அனுமதி: கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நிறம் மாற்றுவதற்கும் அனுமதி வேண்டியிருக்கும். கட்டட உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

1932 பூச்சு என்றால் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, வெப்பத் துப்பாக்கி கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், அல்லது களிம்பாகப் பூசி உரிக்கும் ரசாயனம். பி3 வடிகட்டி முகமூடி போட்டு, விழும் தூசைக் கீழே பிளாஸ்டிக் விரிப்பில் சேர்த்து எடுங்கள். மணல் வீச்சு வேண்டவே வேண்டாம், செங்கேடயம் சொன்ன நிறக்கோடுகள் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

உரிப்பதற்கு முன் பழைய நிறத்தைக் கண்டுபிடியுங்கள். மழை படாத மடிப்பில், கிரீடத்தின் அடிப்பகுதி போன்ற இடத்தில், 2 செ.மீ. அகல வட்டத்தைத் தண்ணீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேயுங்கள். அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். இரும்புக்கு ஒட்டியிருக்கும் செம்பழுப்பு அடிப்பூச்சு. அதற்கு அடுத்ததுதான் முதல் நிறம். பல பேர் அந்த அடிப்பூச்சையே முதல் நிறம் என்று எண்ணி முழுக் கேடயத்தையும் பழுப்புச் சிவப்பாக அடித்துவிடுகிறார்கள்.

கேடயச் சின்ன முறையில் சிவப்பு என்றால் சிவப்பு, குறிப்பிட்ட சாயல் எதுவும் கட்டாயமில்லை. பழைய அடுக்கு தெளிவாகக் கிடைக்காவிட்டால் பிஎஸ் 381சி என்ற பிரிட்டிஷ் தர நிற அட்டவணையின் 537, சிக்னல் ரெட், தெருவிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும். அலகுகள் 'இயல்பு நிறம்', அதாவது எஃகு. வெளிர் சாம்பலோ வெள்ளியோ அடிக்கலாம். அலுமினியப் பூச்சு நகர வெளியில் சீக்கிரம் மங்கும் என்பதால், வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்புக் கலந்த வெளிர் சாம்பல் என் தேர்வு. பிடிகளும் கிரீடமும் பொன். இங்கே பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். கடையில் விற்கும் தங்கப் பூச்சில் இருப்பது செம்புக் கலவைத் தூள். வெளியில் அது காற்றுப்பட்டுப் பழுப்பாகிவிடும். 23½ காரட் தங்கத் தகடு, எண்ணெய்ப் பசையில் ஒட்டினால், பல ஆண்டு நிற்கும். இந்த அளவுக் கேடயத்தில் தகடு வேண்டிய பரப்பு உள்ளங்கை அளவுக்கு மேல் போகாது.

வரிசை: உரித்த அன்றே அடிப்பூச்சு, ஏனென்றால் ஈரக்காற்றில் வெற்று வார்ப்பிரும்பு சில மணி நேரத்தில் துருப்பிடிக்கும். துத்தநாக பாஸ்பேட் அடிப்பூச்சு இரண்டு கை, பிறகு இடைப்பூச்சு, மேலே எண்ணெய்ப் பளபளப்பு இரண்டு கை, எல்லாம் மெல்லியதாக. தங்கம் கடைசி. பின்பக்கத்துக்கும் அதே பூச்சு வேண்டும். தண்ணீர் தங்குவது அங்கேதான்.

கழற்றி மாட்டுவதானால் பழைய இரும்புத் திருகாணிகளைத் திரும்பப் போடாதீர்கள். அவை துருவேறி உப்பிச் செங்கல்லைப் பிளக்கும். 316 தரத் துருப்பிடிக்கா எஃகு ஆணி, வார்ப்பிரும்பைத் தொடாதபடி நைலான் வளையம். இரண்டு உலோகம் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் வார்ப்பிரும்பு அரிக்கும். சுவருக்கும் கேடயத்துக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

பதில்: வடகரை

விளக்கத்துக்கு நன்றி செங்கேடயம். ஒரு ஐயம்: சபையே கலைந்த பிறகு அந்தச் சின்னம் யாருக்குச் சொந்தம்? பிரென்டுக்கா, பெருநகர லண்டன் சபைக்கா?

பதில்: செங்கேடயம்

தானாக யாருக்கும் போவதில்லை. இங்கிலாந்தில் சின்னம் ஓர் இடத்துக்கு வழங்கப்படுவதில்லை, ஒரு சட்டபூர்வ அமைப்புக்கு வழங்கப்படுகிறது. அமைப்பு கலைந்தால் சின்னம் அதனோடு நிற்கிறது. வாரிசு அமைப்பு வேண்டுமென்றால் புதிதாகப் பெற வேண்டும், அல்லது அரசாணையால் மாற்றிக்கொள்ள வேண்டும். 1965இல் வந்த அமைப்புகள் பழைய சின்னத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்துக்கொண்டன. பெருநகர லண்டன் சபையின் கேடயத்தில் கீழே வெள்ளியும் நீலமுமான அலைகள், மேலே சிவப்புப் பட்டையில் ஒரு சாக்சன் கிரீடம். அலை லண்டன் கவுண்டியிலிருந்து வந்தது, கிரீடமும் சிவப்பும் மிடில்செக்ஸிலிருந்து. ஒழிந்த இரண்டு கவுண்டிகளை ஒரு கேடயத்தில் இவ்வளவு சுருக்கமாகச் சேர்த்த வேலையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. 1986இல் அந்தச் சபையும் போனது. ஈலிங்கில் ஆக்டனைக் குறிக்கும் ஓக் மரமும், மேலே சிவப்புப் பட்டையில் மூன்று சாக்சன் கிரீடங்களும். ஸ்டேன்ஸும் சன்பரியும் சேர்ந்து 1974இல் உருவான ஸ்பெல்தோர்ன், சர்ரேக்குள் இருந்துகொண்டே மிடில்செக்ஸ் வாள்களை வைத்திருக்கிறது.

எனவே ஒரு பொது விதி: வாள்களோடு வேறு உருவம் ஏதாவது, மரமோ பறவையோ அலையோ, சேர்ந்திருந்தால் அது கவுண்டி அல்ல, ஏதோ ஒரு பரோ அல்லது டிஸ்ட்ரிக்ட். வெறும் மூன்று வாளும் கிரீடமும் மட்டும் இருந்தால் கவுண்டி. பல அர்பன் டிஸ்ட்ரிக்ட்கள் முறையான வழங்கல் இல்லாமலே, முத்திரை வெட்டுபவர் வரைந்து கொடுத்ததைப் புழங்கியதும் உண்டு. அவற்றைப் பலகையில் போடும்போது 'சபை பயன்படுத்திய முத்திரை' என்று எழுதுங்கள், 'வழங்கப்பட்ட சின்னம்' என்று எழுதாதீர்கள்.

கிங்ஸ்பரிவாசியின் கடைசிக் கேள்விக்கு: விளக்கப் பலகையில் 'மிடில்செக்ஸ் கவுண்டி சபையின் சின்னம், 1910–1965' என்று தலைப்பிட்டுப் படம் போடுவதில் தடையில்லை. அது வரலாற்றுச் சித்திரம். கடிதத்தாளில் போடாதீர்கள். அப்படிப் போட்டால் உங்கள் அமைப்பே அந்தச் சின்னத்துக்கு உரியது என்று பொருள்படும். இதை விசாரிக்கும் வீரமரபு நீதிமன்றம் கடைசியாகக் கூடியது 1954இல்; மான்செஸ்டர் மாநகராட்சி தன் சின்னத்தைப் பயன்படுத்திய அரங்க நிறுவனம் ஒன்றின்மீது வழக்குப் போட்டு வென்றது. அதற்குப் பிறகு அது கூடவில்லை என்பதற்காக உரிமை இல்லாமல் போய்விடாது.

படத்தைப் பொறுத்தவரை, எழுத்து விவரிப்பு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவர் வரைந்த குறிப்பிட்ட ஓவியத்துக்குப் பதிப்புரிமை உண்டு. இணையத்தில் கிடைத்ததை எடுக்காமல், மேலே தந்த விவரிப்பை வைத்துப் பாடசாலைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். முனைகள் பார்ப்பவரின் வலப்பக்கம் என்பதை மட்டும் சரிபாருங்கள், கண்ணாடிப் பிம்பமாக வருவதுதான் வழக்கமான பிழை.

அமைப்பின் நிகழ்வில் அடையாளமாக ஏதாவது வேண்டுமென்றால் கொடி இருக்கிறது. அதே வாள்களும் கிரீடமும் கொண்ட மிடில்செக்ஸ் கொடி, கொடிப் பதிவேட்டில் வரலாற்றுக் கவுண்டிக் கொடியாக இருக்கிறது. அதை எவரும் ஏற்றலாம். மே 16 மிடில்செக்ஸ் நாள். 1811இல் அல்புவேரா போரில் மேற்கு மிடில்செக்ஸ் படைப்பிரிவான 57ஆம் ரெஜிமென்ட் நின்று போரிட்ட நாள் அது.

பதில்: எல்லைக்கல்

ஆவணம் பார்க்கும் வழி. மிடில்செக்ஸ் கவுண்டி சபையின் பதிவுகள் கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2024 வரை லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ் என்ற பெயரில் இருந்தது. அட்டவணையில் எம்.சி.சி. என்ற குறியீட்டிலேயே தேடலாம். மூலப் பதிவுகளைத் தொட்டுப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும், இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் எடுத்துப்போங்கள்.

அங்கே கல்விக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளைக் கேளுங்கள். தலைப்பெட்டி 1932 என்பதால் 1930 முதல் 1933 வரையுள்ள தொகுதிகள் போதும். பொருளடக்கத்தில் பாடசாலையின் இன்றைய பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டால் கிங்ஸ்பரி என்ற இடப்பெயரில் தேடுங்கள், பள்ளிப் பெயர்கள் பின்னர் மாறியிருக்கும். மனை வாங்கியது, வரைபட ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று மூன்று கட்டமாகக் குறிப்பு வரும். கட்டடக் கலைஞர் பெயரும் தொகையும் பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கும்.

கீழடுக்கு, அதாவது கிங்ஸ்பரி, வெம்பிளி சபைப் பதிவுகளுக்கு வில்ஸ்டன் நூலகத்தில் உள்ள பிரென்ட் ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். எல்லைக்கு, பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:2500 வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய தாள்களை இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதில் பி.பி. என்ற இரண்டு எழுத்து எல்லைக்கம்பம், பி.எஸ். எல்லைக்கல். 1934க்கு முந்தைய தாளையும் பிந்தைய தாளையும் பக்கத்தில் வையுங்கள். முதல் தாளில் கிங்ஸ்பரிக்கும் வெம்பிளிக்கும் இடையே ஓடும் புள்ளிக்கோடு எந்தெந்தத் தெருவில் போகிறது என்று குறித்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடந்தால், எல்லைக்கம்பம் ஏதாவது இன்னும் நிற்கிறதா என்று நேரிலேயே பார்த்துவிடலாம்.